அக்கி மருந்தின் பின்னால் இருந்த கேர்ட்ரூட் எலியன்

உதட்டோரம் கொப்புளம், இடுப்பைச் சுற்றி அக்கி, பிறப்புறுப்பில் வலியோடு வரும் புண். இப்படிப் போகிறவர்களுக்கு இன்று வைத்தியர் எழுதித் தரும் மருந்துகளில் முதன்மையானது அசைக்ளோவிர். பாமசியில் சாதாரணமாகக் கிடைக்கும் இந்த மாத்திரைக்குப் பின்னால், கலாநிதிப் பட்டம் பெறும் வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது.

கேர்ட்ரூட் எலியன் 1918 ஜனவரியில் நியூயோர்க்கில் பிறந்தார். தந்தை லிதுவேனியாவிலிருந்து குடியேறிய பல் வைத்தியர். 1929இல் பங்குச்சந்தை சரிந்தபோது குடும்பத்தின் பணமும் போய்விட்டது. கேர்ட்ரூட்டுக்கு 15 வயதாக இருக்கும்போது, அவருக்கு மிகவும் நெருக்கமான தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் துன்பப்பட்டு இறந்தார். அதன்பின் அவர் வேறு பாடம் எதையும் யோசிக்கவில்லை. கட்டணமில்லாத ஹன்டர் கல்லூரியில் சேர்ந்து, 1937இல் இரசாயனவியலில் உயர்சிறப்போடு பட்டம் பெற்றார்.

ஆனால் வேலை கிடைக்கவில்லை. மேற்படிப்புக்கு உதவி கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் நிராகரிக்கப்பட்டன. ஆய்வுகூடங்களில் பெண்களுக்கு இடம் இல்லாத காலம் அது. ஒரு ஆய்வுகூடத்தில் சம்பளமே இல்லாமல் சேர்ந்தார். ஒன்றரை வருடம் கழிந்தபோது வாரத்துக்கு 20 டொலர் கிடைத்தது. பாடசாலைகளில் படிப்பித்துக்கொண்டே இரவிலும் வார இறுதியிலும் ஆய்வு செய்து 1941இல் முதுமாணிப் பட்டம் எடுத்தார். வகுப்பில் அவர் ஒருவரே பெண்.

அதே ஆண்டில்தான் அவர் மணம் முடிக்க இருந்தவர் இதய வால்வில் ஏற்பட்ட பக்டீரியாத் தொற்றால் இறந்தார். பெனிசிலின் பரவலாகக் கிடைக்கச் சில வருடங்களே இருந்தன. எலியன் பிறகு திருமணமே செய்யவில்லை.

உலகப் போர் ஆண்களை ஆய்வுகூடங்களிலிருந்து அழைத்துச் சென்றபோதுதான் கதவு திறந்தது. முதலில் ஒரு உணவுக் கம்பனியில் ஊறுகாயின் புளிப்பையும் மயோனைஸின் நிறத்தையும் பரிசோதித்தார். 1944இல் பரோஸ் வெல்கம் மருந்துக் கம்பனியில் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸின் உதவியாளரானார். இரவில் கலாநிதிப் பட்டத்துக்கும் படித்தார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வரவேண்டும் என்று கல்வி நிறுவனம் வற்புறுத்தியதும், படிப்பைக் கைவிட்டார்.

அந்தக் காலத்தில் புதிய மருந்துகள் பெரும்பாலும் கையில் கிடைத்ததையெல்லாம் சோதித்துப் பார்த்தே கண்டுபிடிக்கப்பட்டன. ஹிச்சிங்ஸும் எலியனும் வேறு வழியில் போனார்கள். டி.என்.ஏ.யைக் கட்டும் கற்களைப் போலவே தோற்றமளிக்கும் போலிக் கற்களைச் செய்து, நோயைப் பரப்பும் கலத்தை ஏமாற்றுவது அவர்கள் திட்டம். 1950களின் ஆரம்பத்தில் இரத்தப் புற்றுநோய்ச் சிறுவர்களுக்கான மேர்கப்டோபியூரின் இப்படித்தான் வந்தது. பின்னர் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு வழிவிட்ட அசதயோபிரின், கீல்வாதத்துக்கான அலோபியூரினோல் ஆகியவையும் வந்தன.

வைரஸ் விடயம் கடினமானது. வைரஸ் நம் கலத்துக்குள்ளேயே, கலத்தின் இயந்திரங்களைக்கொண்டே பெருகுகிறது. அதை அடித்தால் நம்மையும் அடிப்பதாகும் என்பதே பலரின் நம்பிக்கை. 1940களின் இறுதியில் எலியன் குழுவின் ஒரு சேர்வை வைரஸைத் தடுத்தபோதும், அதன் நச்சுத்தன்மையால் அந்தத் திசை கைவிடப்பட்டது. 1968இல் எலியன் அதற்கு மீண்டும் திரும்பினார். ஹோவர்ட் ஷாஃபரின் குழு தயாரித்த சேர்வைகளில் ஒன்றே அசைக்ளோவிர். அது ஏன் நமக்குத் தீங்கு செய்வதில்லை என்பதை விளக்கியதில் எலியன் குழுவின் பங்கு பெரியது. விழுங்கியவுடன் மருந்து வேலை செய்யாமல் தூங்கிக் கிடக்கும். ஹேர்பிஸ் வைரஸிடம் மட்டும் உள்ள ஒரு நொதியம் அதை எழுப்பிவிடும். எழுந்த மருந்து வைரஸின் டி.என்.ஏ. சங்கிலியை இடையில் முடித்துவிடும். தொற்றில்லாத கலம் அதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. பகைவன் தானே தன் கையால் வெடியைத் திரியிட்டுக் கொள்வதுபோல. 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூளையை ஹேர்பிஸ் தாக்கினால், சிகிச்சையின்றி பெரும்பாலானோர் இறந்த நிலையை ஊசி மூலம் ஏற்றிய இந்த மருந்து மாற்றியது.

இவ்வளவு நல்ல மருந்தும் விளையாட்டுக்கு உரியதல்ல. நரம்பில் உறங்கும் வைரஸை இது அழிப்பதில்லை, பெருக்கத்தையே தடுக்கும். அக்கியென்றால் கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். கண்ணருகே வந்தால் உடனே கண் வைத்தியரிடம் போக வேண்டும். மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் தண்ணீர் போதாவிட்டால் படிகமாகப் படியலாம். சிறுநீரகப் பாதிப்புள்ளவருக்கும் முதியவருக்கும் அளவு குறைக்கப்படாவிட்டால் குழப்பமும் மாயத்தோற்றமும் வரலாம். கூடவே, யாரோ சொன்ன ஸ்டீரோயிட் கிறீமை ஹேர்பிஸ் புண்ணில் பூசுவது நிலைமையை மோசமாக்கும். இதை நான் அடிக்கடி காண்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

1983இல் எலியன் ஓய்வு பெற்றார். 1988இல் ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றபோது அவருக்கு வயது 70. படிப்பைக் கைவிட வைத்த கல்வி நிறுவனமே அடுத்த ஆண்டு கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பரிசுகளைவிட, மருந்தால் பிழைத்தவர்கள் அனுப்பிய கடிதங்களையே அவர் பெரிதாக வைத்திருந்தார். 1999 பெப்ரவரியில் வட கரோலினாவில் காலமானார்.