எண்ணும் எழுத்தும்: அல்-பிரூனியின் வாழ்க்கை

கஜினி முகமது என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழ் மாணவர் அரிது. வரலாற்றுப் பாடத்தில் படித்திராவிட்டாலும், தோற்றுத் தோற்று மீண்டும் முயலும் நண்பனை அந்தப் பெயரால் அழைப்பதை விடுதியில் கேட்டிருப்போம். அந்த மன்னனின் படையெடுப்புகள் நம் பேச்சில் உவமையாகிவிட்டன. ஆனால் அவனுடைய தலைநகரில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிய ஓர் அறிஞரை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. அவர்தாம் அபு ரைஹான் அல்-பிரூனி.

வானியல், கணிதம், நில அளவியல், கனிமவியல், மருந்தியல் ஆகியவை ஒரு பக்கம். வரலாறு, சமயம், மொழி, தத்துவம், மக்கள் வழக்கம் ஆகியவை மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே மனிதர் எழுதினார். படிவம் நான்கிலேயே கலைப்பிரிவு, அறிவியல் பிரிவு என்று பிரிக்கப்பட்டு, அந்தக் கோட்டைத் தாண்டாமலேயே பட்டம் பெற்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆகவேதான் இவரைப் பற்றி எழுத விழைந்தேன். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அது மொழியைப் பற்றியது. அதை இறுதியில் சொல்கிறேன்.

அலைந்த இளமை

அல்-பிரூனி 973-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், இன்றைய உஸ்பெகிஸ்தானில் அடங்கும் குவாரிஸம் நாட்டின் தலைநகரான காத் என்ற ஊரின் புறநகரில் பிறந்தார். ‘பிரூனி’ என்றாலே புறநகர்க்காரர் என்றுதான் பொருள். அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபு நஸ்ர் மன்சூர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பதினேழு வயதிலேயே, நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து தம் ஊரின் அகலாங்கைக் கணக்கிட்டார்.

995-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆதரித்த அரச குடும்பம் வீழ்ந்தது. இளைஞர் பிரூனி ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அடுத்த சில ஆண்டுகள் அலைச்சலிலும் வறுமையிலும் கழிந்தன. இருப்பினும் ஆய்வு நிற்கவில்லை. 997-ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் காத் நகரிலிருந்தும், அபுல் வஃபா என்ற மூத்த அறிஞர் பாக்தாத்திலிருந்தும் பார்த்துக் குறித்தனர். இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. கிரகணம் எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஆனால் ஒவ்வோர் ஊரின் உள்ளூர் நேரமும் வேறு. அந்த நேர வேறுபாட்டைக் கொண்டு இரு நகரங்களின் நெட்டாங்கு இடைவெளியைக் கண்டறிந்தனர். தொலைபேசியோ தந்தியோ இல்லாத காலத்தில் நடந்த கூட்டாய்வு இது.

1000-ஆம் ஆண்டையொட்டி, காஸ்பியன் கடலோரத்துக் குர்கான் அரசவையில் இருந்தபோது தம் முதல் பெருநூலை முடித்தார். பாரசீகர், கிரேக்கர், யூதர், கிறித்தவர், அரபியர், குவாரிஸம் மக்கள் ஆகியோர் ஆண்டையும் மாதத்தையும் எவ்வாறு எண்ணினர், எந்தெந்த நாள்களைப் பண்டிகையாகக் கொண்டாடினர் என்பதைத் தொகுத்துச் சொல்லும் நூல் அது. வானியல் தெரியாதவர் நாள்காட்டியின் கணக்கை விளக்க முடியாது. மக்களின் நம்பிக்கைகளை அறியாதவர் பண்டிகைகளை விளக்க முடியாது. இரண்டையும் அறிந்தவராக அவர் இருந்ததால்தான் அந்நூல் பிறந்தது.

சிறைப்பட்ட அறிஞர்

பின்னர் அவர் தாய்நாடு திரும்பி அரசவையில் பணியாற்றினார். அந்த அமைதியும் நீடிக்கவில்லை. 1017-இல் கஜினி முகமது குவாரிஸத்தைக் கைப்பற்றினான். தோற்ற நாட்டின் செல்வத்தோடு அறிஞர்களும் கஜினிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பிரூனியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. புகழ்பெற்ற மருத்துவ அறிஞர் இப்னு சீனா முன்னரே மேற்கே சென்று தப்பிவிட்டார். பிரூனியால் அது முடியவில்லை.

மறு ஆண்டு காபூலுக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்தபோது அவரிடம் எந்த வானியல் கருவியும் இல்லை. மனமும் சோர்ந்திருந்தது. அந்த நிலையிலும், கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் வட்டவில் ஒன்றை வரைந்து, தூக்குநூல் கட்டி, சூரியனின் உயரத்தை அளந்தார். ஆய்வுக்கூடத்தில் கருவி சரியில்லை என்று நாம் சலித்துக்கொள்ளும் வேளைகளில் நினைத்துப் பார்க்க வேண்டிய காட்சி இது.

கஜினியின் படைகள் இந்தியாவுக்குள் சென்றபோது, அவர் பஞ்சாப் வரை செல்லும் வாய்ப்புப் பெற்றார். இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையில் அவர் செய்த சோதனை உலகப் புகழ் பெற்றது. பூமியின் அளவை அறிய முன்னோர் பாலைவனத்தில் நெடுந்தொலைவு நடந்து அளந்தனர். பிரூனிக்கு ஒரு குன்றும் அதன் முன்னே பரந்த சமவெளியும் போதுமானவையாக இருந்தன. சமவெளியில் இரண்டு இடங்களில் நின்று கோணம் பார்த்துக் குன்றின் உயரத்தைக் கணக்கிட்டார். பிறகு உச்சியில் நின்று, தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். அந்தத் தாழ்வு அரைப் பாகைக்குச் சற்றே மிகுதி. இந்த இரண்டு எண்களிலிருந்து முக்கோணவியல் வழியாகப் பூமியின் ஆரத்தை வருவித்தார். விடை இன்றைய அளவுக்கு மிக அருகில் இருந்தது. காற்றில் ஒளி வளைவதால் ஏற்படும் பிழையை அக்காலத்தில் கணக்கில் கொள்ள இயலாது. ஆகவே அந்த நெருக்கத்தில் நல்லூழுக்கும் பங்குண்டு. ஆனால் வழிமுறையின் கூர்மை முழுக்க அவருடையது.

கற்கக் குனிந்தவர்

வென்ற படையோடு வந்த ஒருவர், தோற்ற மக்களை எப்படிப் பார்ப்பார்? பிரூனி மாணவராக அவர்கள் முன் அமர்ந்தார். நாற்பது வயதைக் கடந்தபின் சமஸ்கிருதம் பயிலத் தொடங்கினார். எளிதாக வரவில்லை. பண்டிதர் வாயிலிருந்து ஒரு சொல்லைக் கவனமாகக் கேட்டு எழுதிக்கொள்வார். பிறகு அதைத் திரும்பச் சொன்னால் அவர்களுக்கே புரியாது. ஏடுகளைத் தேடி வாங்கக் காசைப் பார்க்கவில்லை. நாளடைவில், யாரிடம் கற்றீர் என்று பண்டிதர்களே வியந்து கேட்கும் நிலைக்கு உயர்ந்தார்.

அந்த உழைப்பின் பயன்தான் 1030-இல் முடிவுற்ற, எண்பது இயல்கள் கொண்ட இந்தியா பற்றிய நூல். கடவுட் கொள்கை, மறுபிறப்பு, சாதி, இலக்கணம், யாப்பு, எடை அளவுகள், ஊர்களுக்கிடையே தொலைவு, கோள்களின் இயக்கம், திருமணம், நோன்பு என எல்லாம் அதில் உண்டு. கீதையையும் பதஞ்சலியையும் எடுத்துப் பேசும் அதே நூலில், வட இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆற்று வண்டலால் நிரம்பியது என்ற கருத்தையும் முன்வைக்கிறார். மலையருகே கற்கள் பெரியனவாகவும், தொலைவு செல்லச் செல்லச் சிறியனவாகவும், கடலருகே மணலாகவும் இருப்பதே அவர் காட்டும் சான்று.

அவர் தென்னகம் வந்ததில்லை. ஆயினும் அந்நூலில் காஞ்சி இடம்பெறுகிறது, இராமேசுவரமும் இடம்பெறுகிறது. இந்திய எழுத்து வகைகளைப் பட்டியலிடும்போது திராவிட தேசத்து எழுத்தையும் தனியே குறிக்கிறார். சீனத்துக்கு அருகிலுள்ள கீழைத் தீவுகளை இந்தியர்கள் சுவர்ணத்துவீபம் என்று அழைப்பதாகவும் எழுதுகிறார். இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025-இல் கடாரம் வந்த காலமும் அதுவே.

நூலில் குறைகளும் உண்டு. இந்தியர்கள் தம்மைத் தாமே உயர்வாக எண்ணி ஒதுங்கியிருக்கிறார்கள் என்று கடுமையாகவே சொல்கிறார். ஆனால் அந்த விலகலுக்கான காரணங்களை அடுக்கும்போது கஜினி முகமதுவின் படையெடுப்புகளையும் மறைக்காமல் சேர்க்கிறார். நாட்டின் வளம் சிதைந்தது, அறிவுத்துறைகள் காசுமீரத்துக்கும் காசிக்கும் போய் ஒதுங்கின என்கிறார். அந்த மன்னனின் நகரில் அமர்ந்தே இதை எழுதினார்.

இன்னோரிடம் என் மனத்தைத் தொட்டது. கிரகணம் பூமியின் நிழலால் நிகழ்வது என்பதைப் பிரம்மகுப்தர் நன்கு அறிந்தவர். ஆயினும் இராகுவின் கதைக்கு ஆதரவாகவும் எழுதியிருக்கிறார். பிரூனி அதைக் கண்டிக்கிறார். கண்டித்துவிட்டு, உண்மை பேசிய சாக்ரட்டீசுக்கு நேர்ந்ததைப் போன்ற ஆபத்து எதுவும் தமக்கு நேரக்கூடாது என்று அஞ்சியிருப்பாரோ என்றும் எண்ணிப் பார்க்கிறார். அதிகாரத்தின் நிழலில் வாழும் அறிஞரின் அச்சம் என்னவென்று பிரூனிக்குத் தெரியாதா என்ன?

கஜினி முகமது 1030-இல் இறந்தான். அவனுக்குப் பின் வந்த மசூதின் ஆட்சியில் பிரூனிக்கு நல்லாதரவு கிடைத்தது. அம்மன்னன் பெயரால் மாபெரும் வானியல் நூல் ஒன்றை எழுதினார். பரிசாக ஒரு யானை சுமக்கும் அளவு வெள்ளியை மன்னன் அனுப்பியதாகவும், பிரூனி திருப்பிவிட்டதாகவும் சொல்வார்கள். மணிகளையும் உலோகங்களையும் நீரில் இட்டு, வழிந்த நீரை நிறுத்து, அவற்றின் ஒப்படர்த்தியைத் துல்லியமாகக் கண்டதும் இந்தக் கஜினி வாழ்க்கையில்தான். 1050-ஐ ஒட்டி அந்நகரிலேயே காலமானார். மரணப் படுக்கையில், பார்க்க வந்த சட்ட அறிஞரிடம் சொத்துப் பங்கீட்டுக் கணக்கு ஒன்றைக் கேட்டுத் தெளிந்தாராம். விடைபெற்றுத் தெருவில் இறங்கிய அந்த அறிஞரின் காதில் வீட்டிலிருந்து அழுகுரல் விழுந்தது என்கிறது மரபுக்கதை.

தாய்மொழி என்ன ஆயிற்று?

இனி, முதலில் சொன்ன மொழிக் காரணத்துக்கு வருகிறேன். பிரூனியின் தாய்மொழி குவாரிஸ்மியம். அவர் நூல்களை எழுதியதோ பெரும்பாலும் அரபு மொழியில். முதுமையில் எழுதிய மருந்தியல் நூலின் முன்னுரையில் இதைப் பற்றிப் பேசுகிறார். தம் தாய்மொழியில் அறிவியலைச் சொல்வது கூரைத் தூம்பின் மேல் ஒட்டகம் நிற்பதைப் போல வேடிக்கையாக இருக்கும் என்பது அவர் கருத்து. இத்தனைக்கும் யூக்ளிடின் வடிவியலைச் சமஸ்கிருதச் சுலோகங்களாக மொழிபெயர்க்க முனைந்தவர் அவர். அடுத்தவர் மொழி அறிவியலைத் தாங்கும் என்று நம்பியவருக்குத் தம் மொழி மீது அந்த நம்பிக்கை வரவில்லை.

அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அரபுப் படைத்தலைவன் குதைபா, குவாரிஸ்மிய எழுத்தும் வரலாறும் அறிந்த அறிஞர்களை எட்டாம் நூற்றாண்டிலேயே அழித்தான் என்று பிரூனியே பதிவு செய்திருக்கிறார். நூல் மரபு அறுந்த மொழியில்தான் அவர் பிறந்தார். கற்றவர்கள் அதில் எழுதவில்லை. பிறகு பேசுவோரும் குறைந்தனர். துருக்கிய மொழிகள் அதன் இடத்தைப் பிடித்தன. இன்று குவாரிஸ்மியம் பேச உலகில் ஒருவரும் இல்லை. அந்த மொழியின் மாதப் பெயர்களும் விண்மீன் பெயர்களும் நமக்குக் கிடைப்பது, இளமையில் பிரூனி எழுதிய அந்த நாள்காட்டி நூலில்தான். தாம் அறிவியலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய மொழிக்கு, அவருடைய அறிவியல் நூலே காப்பகமாகிவிட்டது.

நம் நாட்டில் 2003-இல் தமிழ்ப்பள்ளிகளிலும் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தபோது அதே விவாதம் மீண்டும் எழுந்தது. அந்த விவாதங்களில் பல வேளைகளில் உணர்ச்சிதான் முன்னே நின்றது. பிரூனியின் வாழ்க்கை நமக்கு வைக்கும் கேள்வி நடைமுறை சார்ந்தது: ஒரு மொழியில் அறிவியலை யார் எழுதுகிறார்கள்? பிற மொழிகளைக் கற்பதில் அவரை மிஞ்ச நம்மால் முடியாது. அதில் அவரைப் பின்பற்றுவோம். ஆனால் கற்றதைத் தமிழில் எழுதும் வேலையை அவரைப் போல் விட்டுவிடக் கூடாது.

பொறியியல், மருத்துவம், சட்டம், பொருளியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் ஒவ்வொருவரும், தம் துறையில் தமக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி ஆண்டுக்கு ஒரு கட்டுரை தமிழில் எழுதலாம். இந்த ஆண்டு மலரில் அதற்கு இடம் உண்டு. கலைச்சொல் கிடைக்காமல் தடுமாறுவோம், தேடுவோம், உருவாக்குவோம். பண்டிதர் முன் அமர்ந்து சொல் சொல்லாகத் தடுமாறிய பிரூனியும் அப்படித்தானே தொடங்கினார்!