கறிவேப்பிலையில் வாழும் பெயர்

கறிவேப்பிலை மணக்காத தமிழர் இல்லம் அரிது. நாள்தோறும் தாளிதத்தில் இடப்பெறும் அவ்விலையின் அறிவியற் பெயரில் ஓர் அயல்நாட்டு அறிஞரின் பெயர் கலந்துள்ளது என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வறிஞர் யோஹான் கெர்ஹார்டு கோனிக் என்பவர்.

கோனிக், இன்று லாட்வியா என வழங்கும் நாட்டில் 1728ஆம் ஆண்டில் பிறந்தார். மருந்து செய்யும் தொழிலைக் கற்ற அவர், பின்னர் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசை அடைந்து மாணவரானார். உயிர்களை இனம் பிரித்துப் பெயரிடும் முறையை உலகிற்கு வகுத்தளித்தவர் லின்னேயசு. ஏட்டிற் படிப்பதோடு அமையாது, காட்டிற் சென்று காண்பதே கல்வி என்னும் நெறி அவ்வாசிரியரிடமிருந்து மாணவர்க்கு வாய்த்தது.

1768ஆம் ஆண்டில் கோனிக் தரங்கம்பாடியை வந்தடைந்தார். அக்காலத்தில் அஃது டேனியர் ஆட்சிக்கு உட்பட்ட துறைமுக நகரம். அங்கிருந்த கிறித்தவ மிஷனின் மருத்துவராகப் பணியாற்றிய அவர், ஓய்வு நேரமெல்லாம் செடிகொடிகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்தார். நெடும்பயணங்களுக்கு மிஷன் அளித்த ஊதியம் போதவில்லை. எனவே, 1774இல் ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகப் பணியேற்றார். 1778இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து, சயாம், மலாக்கா முதலிய இடங்களுக்கும் சென்று வந்தார். பொருளீட்டுதற்காக அன்று, அறிவீட்டுதற்காகவே அவர் பணிகளை மாற்றிக்கொண்டார் என்க.

யாவரும் வெறுத்து ஒதுக்கும் கறையானும் அவர் கண்ணுக்கு அரிய பொருளாயிற்று. தஞ்சைப் பகுதியில் புற்றுகளை அகழ்ந்து அவற்றின் உள்ளமைப்பைக் கண்டார். உள்ளே காளான் வளர்வதையும் குறித்தார். அக்கட்டுரை 1779இல் வெளியாயிற்று. தாம் திரட்டிய பூச்சிகளை ஐரோப்பாவிற்கு அனுப்பினார். லின்னேயசின் மற்றொரு மாணவரான பெப்ரீசியசு அவற்றுள் பலவற்றிற்குப் பெயரிட்டார். இவ்வாறு தரங்கம்பாடியின் பெயர் உலகப் பூச்சியியல் நூல்களில் இடம்பெற்றது.

ஓயாத அலைச்சல் அவருடலை நலித்தது. 1785ஆம் ஆண்டு சூன் திங்களில், காக்கிநாடாவை அடுத்த சகந்நாதபுரத்தில், தம் ஐம்பத்தாறாம் அகவையில் கோனிக் மறைந்தார். அவர்தம் கையெழுத்துப் படிகள் ஆங்கில அறிஞர் சோசப் பாங்க்சிடம் சேர்ந்தன. சயாம் பயணக் குறிப்புகள் 1894இல்தான் அச்சேறின. தம் உழைப்பின் பயனை நூலாகக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. எனினும், அவரோடு பழகிப் பயனடைந்த வில்லியம் ராக்ஸ்பரோ, பின்னாளில் இந்தியப் பயிரியலின் தந்தை எனப் போற்றப்பெற்றார். ஏற்றிய விளக்கு அணைந்தாலும் அதனால் ஏற்றப்பெற்ற விளக்கு ஒளிரும் அன்றோ?

மாணவர்களே! கோனிக்கைப் போலக் கடல் கடந்து செல்லுதல் எல்லார்க்கும் இயலாது, வேண்டியதும் இல்லை. நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பம் முதலாகத் தமிழ்நாட்டின் எவ்வூர்க் கொல்லையிலும் கறிவேப்பிலைச் செடி நிற்கும். அதன் தளிரை உற்றுநோக்குங்கள். பறவையின் எச்சம் போன்று ஒட்டிக்கொண்டிருப்பது எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருத்தல் கூடும். வளர்ந்தபின் அது பச்சை நிறம் பெறும்; தீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவைக்கொம்பு போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் பரப்பும். அதனை இலையோடும் காம்போடும் எடுத்து, அகன்ற வாயுடைய கண்ணாடிப் புட்டியில் இட்டு, மெல்லிய துணியால் மூடுங்கள். நாள்தோறும் புதிய இலை இட்டு, எச்சத்தை அகற்றுங்கள். ஒரு குச்சியையும் சாய்த்து வையுங்கள். புழு அதன்மேல் நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். கண்டதை நாளும் வேளையும் குறித்து எழுதுங்கள், காணாததை எழுதாதீர்கள். சிறகு விரிந்து உலர்ந்ததும் அதனைப் பறக்க விடுங்கள்.

அக்காலத்து ஆராய்ச்சியாளர் பூச்சிகளைக் கொன்று ஊசியிற் குத்தி வைத்தனர். நாமோ உயிரை உயிராகவே கண்டு அறியலாம். கொல்லைச் செடியைக் கூர்ந்து நோக்கும் சிறுவனும் சிறுமியும் கோனிக் சென்ற வழியிலேயே செல்கின்றனர்.