பட்டம் வேண்டாத பாரடே

பாட்டாளித் தோழர்களே, ஒரு காலத்தில் நம் தோட்டங்கள் பலவற்றில் பொழுது சாய்ந்த பிறகுதான் இஞ்சின் ஓடும். அது ஓடுகிற வரைக்கும்தான் லயத்தில் விளக்கு. ராத்திரி இஞ்சினை நிறுத்திவிட்டால் மறுபடியும் மண்ணெண்ணெய் விளக்குத்தான். மூத்தவர்களுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும்.

அந்த இஞ்சின் சுற்றினால் ஏன் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது? இதற்கு வழி கண்டவர் காலேஜ் படித்தவர் அல்ல. ஏழைக் கொல்லர் ஒருவரின் மகன். பெயர் மைக்கேல் பாரடே. உலகமே புகழ்ந்த பிறகும் பணத்துக்கும் பட்டத்துக்கும் மயங்காமல், தான் நம்பிய கிறிஸ்தவ நெறிப்படியே கடைசி வரை வாழ்ந்தவர். இந்த வாரம் அவர் கதையைப் பார்ப்போம்.

பசியும் புத்தகமும்

லண்டன் மாநகரின் தெற்கே நியூயிங்டன் என்ற இடத்தில் 1791 செப்டம்பர் 22-இல் பாரடே பிறந்தார். அப்பா ஜேம்ஸ் இரும்பு அடிக்கிற தொழிலாளி. அவருக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். வேலைக்குப் போகாத நாளில் கூலி ஏது? 1801-இல் தானிய விலை ஏறிப்போய் ஏழைகள் தவித்தபோது, பத்து வயதுகூட நிரம்பாத மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டிதான் பங்கு. அதை அளந்து அளந்து ஏழு நாளுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் தெரிந்ததோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 1804-இல் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். மறு வருஷம் அங்கேயே புத்தகம் கட்டும் தொழில் பழக ஏழு வருஷ ஒப்பந்தம். கட்டுவதற்கு வந்த புத்தகங்களையெல்லாம் பையன் படிக்கவும் ஆரம்பித்தான். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றி இருந்த பகுதி அவன் மனசைப் பிடித்துக்கொண்டது. கையில் கிடைத்த சில்லறைக் காசுக்குச் சாமான் வாங்கிச் சின்னச் சின்னச் சோதனைகள் செய்து பார்த்தான்.

ஊரில் விஞ்ஞானச் சொற்பொழிவுகள் நடந்தன. ஒரு தடவைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அந்தக் காசைக் கொடுத்தவர் யார் தெரியுமா? இரும்பு அடித்துச் சம்பாதித்த அண்ணன் ராபர்ட். அப்பா 1810-இல் இறந்த பிறகும் தம்பியின் ஆசையை அண்ணன் அணைத்துவிடவில்லை.

கையால் எழுதிய புத்தகம்

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் நுழைவுச் சீட்டுகள் கொடுத்தார். ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற விஞ்ஞானக் கழகத்தில் ஹம்ப்ரி டேவி பேசிய நான்கு சொற்பொழிவுகளுக்கு அந்தச் சீட்டுகள். டேவி அந்த நாளில் பேர் பெற்ற ரசாயன நிபுணர். பாரடே கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து படம் போட்டு விளக்கமாக எழுதினார். சுமார் 300 பக்கம் வந்தது. தன் கையாலேயே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பி, வேலை கேட்டார்.

டேவி பாராட்டினார். ஆனால் இடம் காலி இல்லை, கைத்தொழிலை விட்டுவிடாதே என்று புத்தி சொல்லி அனுப்பினார். சில வாரங்களில் கழகத்து உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழந்தார். அந்த இடத்துக்கு 1813 மார்ச் 1-இல் பாரடே வந்தார். வாரச் சம்பளம் 25 ஷில்லிங். மாடியில் இரண்டு அறை, நிலக்கரி, மெழுகுத்திரி இவையும் உண்டு.

அதே வருஷம் டேவி ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் போனார். அவருடைய பணியாள் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டதால் அந்த வேலையும் பாரடே தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனசு நொந்தது, பாதியில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனாலும் அந்த ஒன்றரை வருஷத்தில் பெரிய விஞ்ஞானிகளை நேரில் பார்த்தார், பாடம் கற்றார், 1815-இல் திரும்பினார்.

சின்னச் சபை, பெரிய உறுதி

பாரடே குடும்பம் சாண்டமானியர் என்ற சின்னக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தது. அரசாங்கத் திருச்சபையோடு ஒட்டாத சபை அது. வேத புத்தகத்தில் உள்ளபடியே எளிமையாக வாழ வேண்டும், பணத்தைக் குவித்து வைப்பது தவறு என்பது அவர்கள் கொள்கை. சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. உறுப்பினர்களில் தேர்ந்தெடுத்த மூப்பர்களே பிரசங்கம் செய்வார்கள்.

1821-இல் அதே சபையைச் சேர்ந்த சாராவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மாதம் போல கழித்து, எல்லார் முன்னிலையிலும் விசுவாச அறிக்கை செய்து முழு உறுப்பினர் ஆனார். மனைவியிடம்கூட முன்னால் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று சாரா கேட்டதற்கு, அது தனக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள காரியம் என்றாராம். அவர் பக்தி இப்படித்தான். சோதனைச் சாலையில் மத விவாதம் பேசமாட்டார். ஆனால் அந்த பக்தி அவர் கைக்கணக்கில் தெரியும், நடத்தையில் தெரியும்.

திருடன் என்ற பேச்சு

அதே 1821-இல், மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றி வருவதை அவர் செய்து காட்டினார். இன்றைய மோட்டாருக்கு அதுதான் ஆதி. அவசரத்தில் கட்டுரை வெளியிட்டபோது, அதே துறையில் உழைத்த வுல்லஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியின் பெயரைக் குறிப்பிடவில்லை. அவ்வளவுதான், அடுத்தவர் யோசனையைத் திருடிவிட்டான் என்று ஊர் பேச ஆரம்பித்தது.

நேர்மையையே உயிராக நினைத்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! அவர் ஒளியவில்லை. நேராக வுல்லஸ்டனையே அணுகி விளக்கம் சொன்னார். பிறகு நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதி அச்சிலும் போட்டார். ராயல் சொசைட்டியின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். 1824-இல் ஓட்டெடுப்பு நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. இத்தனைக்குப் பிறகும், தன்னைக் கைதூக்கிவிட்டவர் என்று டேவியைப் பற்றி மரியாதையாகவே பேசி வந்தார் பாரடே.

காந்தமும் கம்பியும்

1831 ஆகஸ்ட் 29. இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளில் மின்சாரத்தை விட்டபோதும் நிறுத்தியபோதும், அதோடு ஒட்டாத மற்றச் சுருளில் கண நேரம் மின்சாரம் தோன்றியது. அக்டோபர் 17-இல் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து இழுத்தார், அப்போதும் வந்தது. அக்டோபர் 28-இல் பெரிய காந்தத்தின் நடுவே செம்புத் தட்டைச் சுற்றவிட்டார். சுற்றுகிற வரைக்கும் மின்சாரம் நிற்காமல் வந்தது. அசைவு இருந்தால் மின்சாரம் பிறக்கும். நம் தோட்டத்து இஞ்சினிலிருந்து பெரிய அணைக்கட்டு மின் நிலையம் வரை ஓடுவது இந்தச் சூத்திரத்தில்தான்.

ஆயிரம் பவுன் போனது

அந்தச் சமயத்தில் கம்பெனிகளும் அரசாங்க இலாகாக்களும் பொருள்களைச் சோதித்துச் சொல்ல அவரைத் தேடி வந்தன. அந்த வெளிவேலையில் மட்டும் 1830 வாக்கில் வருஷத்துக்கு ஆயிரம் பவுனுக்கு மேல் வந்தது. கழகத்தில் அவர் சம்பளமோ 100 பவுனும் வீடும். இரண்டையும் முழுமையாகச் செய்ய நேரம் இல்லை. ஒன்றை விட வேண்டும். அவர் விட்டது ஆயிரம் பவுனை. 1832-இல் வெளிவேலை வருமானம் சுமார் 155 பவுனாக இறங்கிவிட்டது. தம் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கிப் பணம் பண்ணவும் இல்லை.

பணம் வேண்டாதவர் என்பதற்காக மானம் இல்லாதவர் அல்ல. 1835-இல் அரசாங்கம் உதவித்தொகை தர முன்வந்தது. நேரில் பேசும்போது பிரதமர் மெல்போர்ன் பிரபு இந்த மாதிரித் தொகையெல்லாம் ஏமாற்று வேலை என்ற தோரணையில் பேசிவிட்டார். பாரடே எழுந்து வந்தார். அன்றைக்கே வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டார். பிரதமர் எழுத்து மூலமாக வருத்தம் தெரிவித்த பிறகுதான் வருஷத்துக்கு 300 பவுன் பெற ஒப்புக்கொண்டார். கொல்லர் மகன் முன்னால் பிரதமர் தலை குனிந்தார், பாருங்கள்!

அதே பாரடே தன் சபைக்கு முன்னால் தலை குனிந்தார். 1840-இல் மூப்பர் ஆனவரை, 1844-இல் ஏதோ தவறு என்று சபை விலக்கி வைத்தது. உலகப் புகழ் பெற்றவர், போங்கள் என்று போயிருக்கலாம். போகவில்லை. சில வாரங்களில் சபை திரும்பச் சேர்த்துக்கொண்டது. மூப்பர் பதவி திரும்பக் கிடைக்கப் பல வருஷம் ஆனது. அதுவரை சாதாரண உறுப்பினராகவே உட்கார்ந்திருந்தார்.

சுரங்கத்தில் 95 உயிர்

அதே வருஷம் செப்டம்பர் 28-இல் இங்கிலாந்தின் வடக்கே ஹாஸ்வெல் என்ற நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. ஆண்களும் சிறுவர்களுமாக 95 பேர் செத்தார்கள். தொழிலாளர் தரப்பு வக்கீல் கேட்டுக்கொண்டதால் பாரடேயையும் மண்ணியல் நிபுணர் சார்ல்ஸ் லயலையும் விசாரணைக்கு அரசாங்கம் அனுப்பியது. பழக்கப்பட்ட வக்கீலைப் போல பாரடே சாட்சிகளைக் கேள்வி கேட்டார். பிறகு சுரங்கத்துக்குள்ளேயே இறங்கினார்.

காற்று எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று எப்படி அளப்பீர்கள் என்று கேட்டார். ஆய்வாளர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை மெழுகுத்திரி நெருப்பில் போட்டு, புகை போகும் வேகத்தைக் காட்டினார். மீதி மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பாரடே உட்கார்ந்திருந்த மூட்டைதான் அது! தொழிலாளர் உயிர் அங்கே எவ்வளவு மலிவு என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்கும்.

விபத்து, யார் மேலும் குற்றம் இல்லை என்றே விசாரணை முடிந்தது. ஆனால் வாயு மட்டும் அல்ல, நிலக்கரித் தூளும் தீயைப் பெருக்குகிறது என்று இருவரும் அறிக்கை எழுதினார்கள். அந்த எச்சரிக்கையைப் பல வருஷம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இறந்தவர்களின் குடும்பத்துக்கு நிதி சேர்த்தார்கள். லயல் விசாரித்தபோதுதான், பாரடே ஏற்கெனவே பெரிய தொகை கொடுத்துவிட்டார் என்று தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்றால், தான் கொடுத்ததற்காக லயலும் கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி வரக்கூடாது என்றாராம். கொடுப்பதிலும் இப்படி ஒரு பண்பு.

தோல்வியும் கணக்கில் உண்டு

தம் சோதனைகளை நம்பர் போட்டு எழுதி வைப்பது அவர் வழக்கம். அந்த நம்பர் 16,000-ஐத் தாண்டியது. தோற்ற சோதனைக்கும் அதில் இடம் உண்டு. பூமியின் ஈர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டு என்று உறுதியாக நம்பித் தேடினார், அகப்படவில்லை. அகப்படவில்லை என்றே 1850-இல் எழுதினார். மேஜையைச் சுற்றிக் கைவைத்தால் ஆவி நகர்த்துகிறது என்று லண்டன் பிரபுக்களே நம்பிய 1853-இல், சின்னக் கருவி ஒன்றைச் செய்து, நகர்த்துவது ஆவி இல்லை, அவர்களுக்கே தெரியாமல் அவர்கள் கைதான் என்று காட்டினார். கடவுளை நம்பியவர்தான், அதற்காகக் கண்டதையும் நம்பவில்லை.

அப்புறம் வயசு ஆக ஆக ஞாபகம் குறைந்தது. அதையும் மறைக்கவில்லை, முடியாத பொறுப்புகளை ஒவ்வொன்றாகத் தாமே விட்டுக் கொடுத்தார். ராயல் சொசைட்டி தலைவர் பதவி இரண்டு தடவை தேடி வந்தும் வேண்டாம் என்றார். சர் பட்டம் இல்லாமல் வெறும் பாரடேயாகவே இருந்தார். குழந்தை இல்லாத அவர் கிறிஸ்துமஸ் காலத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லித் தந்தார். ஒரு மெழுகுத்திரியை ஏற்றி வைத்து அதிலிருந்தே ரசாயனம் முழுவதையும் விளக்கிய 1860-ஆம் வருஷச் சொற்பொழிவு புத்தகமாகி உலகம் சுற்றியது.

1867 ஆகஸ்ட் 25-இல், விக்டோரியா ராணி குடியிருக்கக் கொடுத்திருந்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில், நாற்காலியில் இருந்தபடியே உயிர் பிரிந்தது. பெரிய ஆட்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டரில் அல்ல, ஹைகேட் இடுகாட்டில் சாதாரணக் கல்லின் கீழ் அவர் உடல் கிடக்கிறது.

தோழர்களே, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி, பாரடே நமக்குச் சொல்லாமல் சொல்வது ஒன்று உண்டு. பக்தி என்பது கோயிலிலும் சபையிலும் மட்டும் இருப்பதல்ல. செய்கிற வேலையில், எழுதுகிற கணக்கில், யாரும் பார்க்காத இடத்தில் இருப்பது. உங்கள் வீட்டிலும் கிழிந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு ஷில்லிங் கொடுக்கிற அண்ணனாக நீங்கள் இருங்கள். விளக்கைப் போடும்போதெல்லாம் அந்தக் கொல்லர் வீட்டை நினைத்துக்கொள்வோம்.