பெயர் சொல்லாத பெண்களும் சுகுமார் சென்னின் முடிவும்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுதப்பட்டபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டனர். அந்நிய ஆடவரிடம் பெயர் சொல்வது அங்கு வழக்கமில்லை. பதிவு செய்யப் போனவர்களும் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் சுகுமார் சென்.

சென் வங்காளி. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியிலும் லண்டன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். லண்டனில் கணிதத்துக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர். 1921ல் ஐசிஎஸ் பணியில் சேர்ந்தார். பல மாவட்டங்களில் பணியாற்றினார், நீதிபதியாகவும் இருந்தார், பின்னர் மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். 1950 மார்ச்சில் இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் பொறுப்பு அவரிடம் வந்தது.

பிரதமர் நேரு 1951ன் முற்பகுதியிலேயே தேர்தலை முடித்துவிட விரும்பினார். சென் அவசரப்படவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை என்றாகிவிட்டது. வாக்காளர்கள் ஏறக்குறைய 173 மில்லியன் பேர். அவர்களில் 85 விழுக்காட்டினருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அரசியல் நிர்ணய சபையின் செயலகம் 1948லேயே பட்டியல் வேலையைத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அதைத் தொகுத்துத் தட்டச்சு செய்வதற்கு மட்டும் 16,500 எழுத்தர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டனர்.

இந்த நிலையில்தான் பெயரில்லாப் பெண்களின் சிக்கல் எழுந்தது. கணவர் பெயரை வைத்தே அவர்களை வாக்களிக்க விட்டிருக்கலாம். யாரும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். சென் மறுத்தார். பெயர் என்பது வாக்காளரின் அடையாளம், அது இல்லாமல் பதிவு செல்லாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பீகாரில் திருத்தம் செய்ய ஒரு மாதம் கூடுதல் அவகாசம் தரப்பட்டது. அங்கு ஓரளவு பலன் கிடைத்தது. ராஜஸ்தானில் அவகாசம் தந்தும் பெரிய மாற்றமில்லை. கடைசியில் ஏறக்குறைய 2.8 மில்லியன் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன.

கடுமையான முடிவுதான். பெயரைக் கேட்டு வாங்காமல் திரும்பியது பதிவு அதிகாரிகள், வாக்கை இழந்ததோ வீட்டில் இருந்த பெண்கள். அடுத்த முறை யாரும் இதே பிழையைச் செய்யத் துணியக்கூடாது என்பது சென்னின் கணக்கு.

பட்டியலுக்கு அடுத்து, எழுத்தறியாதவர் பிழையின்றி வாக்களிப்பது எப்படி என்ற கேள்வி. பழைய சென்னை மாகாணத்தில் 1937 தேர்தலின்போது வேட்பாளர்களுக்கு வண்ணப் பெட்டிகள் ஒதுக்கப்பட்டன. காங்கிரசின் மஞ்சள் பெட்டியைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்கள் இருக்கலாம். நாடு முழுவதற்கும் அவ்வளவு வண்ணங்களுக்கு எங்கே போவது? ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஓர் இரும்புப் பெட்டி, அதன்மேல் அவருடைய சின்னம் என்று ஏற்பாடானது. இரட்டைக் காளை, குடிசை, விளக்கு, யானை எனக் கிராமத்தார் அன்றாடம் பார்க்கும் பொருள்களே சின்னங்களாயின. பெட்டிகள் 2 மில்லியனுக்கு மேல் தேவைப்பட்டன.

வாக்களிக்கும் முறை எளிமையானது. பட்டியலில் பெயரைச் சரிபார்த்து, விரலில் அழியா மை வைத்து, வாக்குச்சீட்டைக் கொடுப்பார்கள். மலேசியர்கள் 2013 பொதுத் தேர்தலில்தான் முதன்முறையாகக் கண்ட அந்த மை, இந்தியாவில் முதல் தேர்தலிலேயே வந்துவிட்டது. சீட்டில் எதுவும் எழுத வேண்டியதில்லை, அடையாளமும் இட வேண்டியதில்லை. மறைவிடத்துக்குள் போய், வேண்டிய சின்னமுள்ள பெட்டிக்குள் போட்டால் போதும். பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு வந்தால் அந்த வாக்கு கணக்கில் சேராது. இதைப் பழக்க ஒத்திகைத் தேர்தல்கள் நடந்தன. திரைப்படமும் வானொலியும் பயன்பட்டன.

முதல் வாக்குகள் 1951 அக்டோபர் 25ஆம் தேதி, இமாச்சலத்தின் சினி பகுதியில் பதிவாயின. குளிர்காலப் பனி மலைப்பாதைகளை மூடிவிடும் என்பதால் அங்கு மட்டும் மற்ற இடங்களுக்கு முன்பே தேர்தல். 1952 தொடக்கத்தில் அனைத்தும் முடிந்தபோது, நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 45 விழுக்காடு.

இந்த முறையில் ஓட்டை இல்லாமல் இல்லை. அடையாளம் இடாத சீட்டை ஒருவர் பெட்டியில் போடாமல் மடித்து எடுத்துவந்து வெளியே விற்றுவிடலாம். அதனால்தான் 1960களின் தொடக்கத்தில், ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு முத்திரை குத்தும் முறைக்கு இந்தியா மாறியது.

அதற்குள் சென் பதவியில் இல்லை. 1953ல் சூடானின் தேர்தலை மேற்பார்வையிட அவரையே அழைத்தார்கள். 1954ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1957ல் இரண்டாவது பொதுத் தேர்தலையும் நடத்தினார். முதல் தேர்தலின் பெட்டிகளைப் பத்திரமாக வைத்திருந்து, அவற்றையே மீண்டும் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். இம்முறை வாக்களிக்கும் வயதுப் பெண்களில் 94 விழுக்காட்டினர் பட்டியலில் இருந்தனர்.

1958 டிசம்பரில் பணியிலிருந்து விலகிய சென், 1960ல் தொடங்கப்பட்ட பர்துவான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். நினைவுக் குறிப்பு எதையும் அவர் எழுதிவைக்கவில்லை. தேர்தலைப் பற்றி அவர் எழுதியவை அதிகாரபூர்வ அறிக்கைகள்தாம். நீக்கப்பட்ட அந்த 2.8 மில்லியன் பெண்களின் கணக்கை அதில் அவர் மறைக்கவில்லை.