கடற்படைக்கு ஆசைப்பட்ட திப்பு... கப்பலில் ஓடும் பெயர்!

பெங்களூருல இருந்து சென்னைக்கு பஸ்ல வர்றீங்களா? ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரிகிட்ட வந்ததும் போனை வெச்சுட்டு ஜன்னல் பக்கம் பாருங்க. மலைமேல ஒரு கோட்டை தெரியும். ஒரு காலத்துல திப்பு சுல்தானோடது. அவர் பெயரில் இன்னிக்கு ஒரு போர்க்கப்பல் இருக்கு. ஆனா, நம்ம கப்பல் இல்லை... பாகிஸ்தான் கப்பல்!

1751-ல் தேவனஹள்ளியில் பிறந்தவர் திப்பு. 1780-ல் காஞ்சிபுரம் பக்கத்துல புள்ளலூரில் ஆங்கிலேயப் படையை நொறுக்கினார். குடகுலயும் மலபார்லயும் அவரை ஞாபகம் வெச்சிருக்கிற விதம் வேற. அங்கே அவர் ஹீரோ இல்லை.

1791 நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டைமேல கம்பெனிப் படை ஏறிப் பார்த்துச்சு. பிடிக்க முடியல. அடுத்த வருஷமே ஶ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் திப்பு பணிய வேண்டியதாச்சு. பாதி ராஜ்ஜியம், 3 கோடியே 30 லட்சம் ரூபாய். அது கட்டி முடிக்கிறவரைக்கும் ரெண்டு மகன்கள் கார்ன்வாலிஸ்கிட்ட பிணை. சின்னப் பசங்க! பிடிக்க முடியாத கிருஷ்ணகிரியும் அந்தப் பாதியோட சேர்ந்து போயிடுச்சு.

பணம் கட்டி, 1794-ல் பிள்ளைகளை மீட்டார். பிரிட்டிஷ்காரங்க பலமே கடல்தான்னு அவருக்கு நல்லாவே தெரியும். மங்களூர் ஆற்றுக்குள்ள எதிரிக் கப்பல் நுழையாம இருக்க அவர் கட்டின சுல்தான் பத்தேரி இன்னும் நிக்குது. 1796-ல், பெரிய போர்க்கப்பல்களும் ஃப்ரிகேட்டுகளுமா 40 கப்பல் கட்ட உத்தரவு போட்டார். பாதி நாட்டை இழந்த மனுஷன் போட்ட பிளான் இது!

அந்தக் கடற்படை உருவாகவே இல்லை. 1799 மே 4, ஶ்ரீரங்கப்பட்டணத்தில் சண்டையிலேயே செத்துப்போனார். அதுவரை மைசூர் கையில் இருந்த ஓசூர், அதுக்கப்புறம்தான் கம்பெனிக்குப் போச்சு.

150 வருஷம் கழிச்சு, 1949-ல் பாகிஸ்தான் ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரை வெச்சது. அது யார் கட்டின கப்பல் தெரியுமா? பிரிட்டன்! இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரோட கப்பல்களை எதிர்த்து நின்ன 'ஆன்ஸ்லோ'தான் 'திப்பு சுல்தான்' ஆச்சு. 1994-ல் அதே பெயர் வாங்கின 'அவெஞ்சர்' ஃப்ரிகேட்டும் பிரிட்டிஷ் கடற்படையில் ஓடினதுதான்.

நம்ம கடற்படை பெரும்பாலும் ஊர், மலை, ஆறு பெயர்களைத்தான் வைக்கும். பாகிஸ்தானோட இப்போதைய 'திப்பு சுல்தான்', 2023 மே மாசம் ஷாங்காயில் படையில் சேர்ந்தது. அதுவும் ஒரு ஃப்ரிகேட்தான்.