பல்கலைக்கழகத்திலிருந்து மலைப் பண்ணைக்கு

அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்காட் நியரிங், குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்துப் பேசியவர். 1915-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதற்காக 1919-ல் வழக்கையும் சந்தித்து, விடுதலையானார். பெரிய பல்கலைக்கழகங்கள் அவரை மீண்டும் சேர்க்கவில்லை.

1932-ல், ஏறக்குறைய ஐம்பது வயதில், ஹெலனுடன் வெர்மான்ட் மலைப்பகுதிக்குக் குடியேறினார். வளம் குன்றிய நிலம், கோடையோ குறுகியது. மக்கு உரமிட்டு மண்ணைத் தேற்றினார்கள். கிடைத்த கற்களைப் பலகை அச்சுக்குள் அடுக்கி, கான்கிரீட் ஊற்றி வீடு கட்டினார்கள்.

தற்சார்பு என்றால் காசே வேண்டாம் என்று நியரிங் நினைக்கவில்லை. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். வரிக்கும் சிமென்டுக்கும் பணம் தந்தது மேப்பிள் மரம். பனிக்காலம் முடியும்போது மரத்தில் துளையிட்டுச் சாறு வடித்து, பதநீரைப் போலக் காய்ச்சுவார்கள். சுமார் 40 லிட்டர் சாறு வற்றினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். அந்த ஆண்டுச் செலவுக்குப் பணம் சேர்ந்ததும் விற்பனைக்கான உழைப்பை நிறுத்திவிடுவார்கள். பிழைப்புக்கு நாளில் 4 மணி நேரம்; மீதி நேரம் படிப்புக்கும் இசைக்கும்.

அருகில் பனிச்சறுக்கு விடுதிகள் பெருகவே, 1952-ல் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு மாறினார்கள். அங்கே புளூபெர்ரி கைகொடுத்தது. தொண்ணூறு வயதைக் கடந்தும் இன்னொரு கல்வீட்டு வேலையில் இறங்கினார். நூறு வயது நிறைந்த சில நாட்களில், 1983 ஆகஸ்டில், அங்கேயே காலமானார்.