அமில மழைக்குப் பெயர் தந்த அறிஞர்

மழைநீரைவிடத் தூய நீர் உலகில் இல்லை என்றே நாம் எண்ணுகிறோம். அந்த மழையும் கெடக்கூடும் என்று ஆராய்ந்து காட்டிய பெரியார் ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1817ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் அருகே பிறந்தார். சமய ஊழியத்திற்கென்றே முதலில் கல்வி பயின்றார். பின்னர் வேதியியலில் நாட்டம் கொண்டு ஜெர்மனி சென்று, லீபிக் என்ற பேரறிஞரிடம் கற்று, 1841இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டரில் குடியேறினார். பஞ்சாலைகள் நிறைந்த அந்நகரை நிலக்கரிப் புகை எந்நேரமும் சூழ்ந்திருந்தது. அவர் நகரின் நடுவிலும், புறநகரிலும், தொலைவிலுள்ள வயல்வெளியிலும் பெய்த மழைநீரை ஆராய்ந்தார். நகரத்து மழையில் கந்தக அமிலம் இருந்தது. வயல்வெளி மழையில் அது இல்லை. நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து வாயுவாகி, மேகத்து நீருடன் கலந்து அமிலமாகிறது. அதனால் துணிகளின் சாயம் வெளுப்பதையும், உலோகம் துருப்பிடிப்பதையும் 1852இல் எடுத்துரைத்தார். அமில மழை என்ற பெயரை 1872இல் தம் நூலில் வழங்கினார்.

இதற்கிடையே 1863இல் அங்கு ஒரு சட்டம் பிறந்தது. சோடா உப்புத் தொழிற்சாலைகள் தாம் வெளிவிடும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் நூற்றுக்கு 95 பங்கைத் தடுக்க வேண்டும் என்பது அதன் விதி. ஸ்மித் அதன் முதல் ஆய்வாளரானார். முதலாளிகளுக்கு வழிமுறைகளைப் பொறுமையாக விளக்கி, 1884இல் இறக்கும்வரை அப்பணியிலேயே இருந்தார். ஆனால் நிலக்கரிப் புகையை அச்சட்டம் தடுக்கவில்லை. அதன் விளைவை ஸ்வீடனும் நார்வேயும் பின்னாளில் அனுபவித்தன. பிற நாடுகளின் புகை காற்றில் வந்து அங்கு மழையாய்ப் பெய்ய, ஏரிகளில் மீன்கள் மடிந்தன. அமிலம் மண்ணிலுள்ள அலுமினியத்தைக் கரைத்து நீரில் சேர்க்க, அது மீன்களின் செவுள்களைக் கெடுத்தது.

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை நிலக்கரியை எரித்தது. அத்திப்பட்டிலுள்ள வடசென்னை நிலையம் இன்றும் எரிக்கிறது. நாம் படிக்க விளக்கு வேண்டும். எண்ணூர் கழிமுகத்தில் மீனும் இறாலும் வாழவும் வேண்டும். இரண்டையும் காக்க, புகையிலுள்ள கந்தகத்தைப் புகைபோக்கியிலேயே நீக்கும் வழியை அறிவியல் இன்று கண்டுள்ளது. இயல்பான மழையின் பி.எச். அளவு ஏறக்குறைய 5.6. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் நாம், வரும் ஐப்பசி மழையை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து அளந்து பார்ப்போமா? ஸ்மித் தொடங்கியதும் அவ்வாறே அன்றோ!